உறங்கும்போது மூளை ஓய்வெடுக்கிறதா, வேலை செய்கிறதா?

கார்முகில் (தொடக்கப் பதிவு)

சென்ற வாரம் காய்ச்சலில் கிடந்த என் ஆறு வயது மகளுக்குப் பக்கத்தில் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தேன். முன்னிரவில் அவள் அடித்துப்போட்டாற்போல் உறங்கினாள். நெற்றியில் ஈரத்துணியை மாற்றியபோதும், கையைத் தூக்கி அக்குளில் வெப்பமானியை வைத்தபோதும் அவளிடம் சிறு அசைவுகூட இல்லை. மூச்சு மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. விடியற்காலை நான்கரை மணி அளவில் பார்த்தபோது நிலை முற்றிலும் மாறியிருந்தது. மூடிய இமைகளுக்குக் கீழே கருவிழிகள் இங்கும் அங்கும் ஓடின, உதட்டோரம் துடித்தது, விரல் நுனிகள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டன, மூச்சு சில நொடிகள் விரைந்தும், சில நொடிகள் நின்றுவிட்டதைப் போலவும் வந்தது. வலிப்பு வரப்போகிறதோ என்று அஞ்சி அவளை எழுப்பிவிட்டேன். அவளோ உடனே தெளிவாகக் கண் விழித்து, தான் கண்டுகொண்டிருந்த கனவை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. உறக்கம் என்பது விளக்கை அணைப்பது போன்றது, உடலும் மூளையும் சும்மா கிடக்கும் நேரம் என்றே இத்தனை நாள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் பல ஆண்டுகளாக நள்ளிரவில் படுத்து நான்கரை மணிக்கு எழுந்து வேலை பார்க்கிறேன். ஓய்வுதானே, கொஞ்சம் குறைந்தால் என்ன என்று எண்ணியிருந்தேன். ஆனால் ஒரே குழந்தை ஒரே இரவில் இரண்டு வேறு உயிர்களைப் போல் உறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்தக் கணக்கு சரியா என்ற ஐயம் வந்துவிட்டது. விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அலைவரைவு

நீங்கள் பார்த்தது வலிப்பு அல்ல. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மன் ஆகிய இருவரும் உலகுக்கு அறிவித்த நிகழ்வைத்தான் நீங்கள் கட்டிலருகே அமர்ந்து பார்த்திருக்கிறீர்கள். ஆராய்ச்சி மாணவராக இருந்த அசெரின்ஸ்கி தம் மகனையே படுக்கவைத்து, கண்ணோரங்களில் மின்முனைகளை ஒட்டிப் பதிவு செய்தார். உறங்கும் சிறுவனின் கண்கள் விழித்திருப்பவனின் கண்களைப் போல் விரைந்து ஓடியதைக் கண்டபோது, முதலில் பழைய கருவியில்தான் பழுது என்று அவர் நினைத்தார். பழுது இல்லை என்று தெளிந்த பிறகே, உறக்கத்துக்குள் இன்னொரு வகை உறக்கம் இருப்பது புலப்பட்டது. விரைவான விழியசைவு உறக்கம் என்று விரித்துச் சொல்வதைவிட, ஆய்வகத்தில் நாங்கள் வழங்குவதைப் போல 'ரெம்' என்றே இங்கும் குறிப்பிடுகிறேன்.

நான் உறக்க ஆய்வகம் ஒன்றில் பதிவுத் தொழில்நுட்பராக இருக்கிறேன். மாலையில் வருபவரின் தலையை நாடாவால் அளந்து, குறித்த இடங்களில் தோலை இலேசாகத் தேய்த்து, பசை வைத்து மின்முனைகளை ஒட்டுவோம். கண்ணோரங்களில் இரண்டு, முகவாயில் இரண்டு மூன்று, கால்களிலும் சில. மூக்கருகே காற்றோட்டத்தை அறியும் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் அளவி. விளக்கை அணைக்கும் முன் அறைக்கு வெளியிலிருந்து, 'தலையை அசைக்காமல் கண்களை மட்டும் இடமும் வலமும் உருட்டுங்கள், பல்லைக் கடியுங்கள்' என்று சொல்லிச் சரிபார்ப்போம். பிறகு திரைமுன் அமர்ந்துவிடுவோம். இரவு முழுவதையும் 30 நொடிப் பக்கங்களாகப் பிரித்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிலையைக் குறிக்க வேண்டும். எட்டு மணி நேர உறக்கம் என்றால் 960 பக்கங்கள்.

கண்ணை மூடி அமைதியாகப் படுத்திருப்பவரின் தலைப் பின்பகுதியில் நொடிக்கு 8 முதல் 13 வரையிலான ஆல்ஃபா அலைகள் ஓடும். உறக்கம் தொட்டதும் அவை கலைந்து, மெதுவான சிற்றலைகள் வரும். கண்கள் ஊஞ்சலைப் போல் மெல்ல உருளும். இது முதல் நிலை. இந்த நேரத்தில் எழுப்பினால் பலர் 'நான் தூங்கவே இல்லையே' என்பார்கள். படிக்கட்டில் கால் தவறியதைப் போல உடல் தூக்கிப்போடுவதும் பெரும்பாலும் இந்த எல்லையில்தான் நிகழ்கிறது. சில நிமிடங்களில் இரண்டாம் நிலை வரும். அதன் அடையாளம், நூல் கதிரைப் போல நடுவில் பருத்து இருபுறமும் மெலிந்த அரை நொடி, ஒரு நொடி அலைக்கொத்துகள். அவற்றை உறக்கக் கதிர்கள் என்கிறோம். இரவின் ஏறத்தாழ பாதி இந்த இரண்டாம் நிலையில் கழிகிறது.

அதற்கும் அடியில்தான் ஆழுறக்கம். திரையில் மலைத்தொடரைப் போல உயர்ந்து அகன்ற டெல்டா அலைகள், நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற கணக்கில் வரும். மூளைப் புறணியில் உள்ள கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றாக முழங்கி, ஒன்றாக அடங்குவதால்தான் அலை இவ்வளவு உயரமாகிறது. உங்கள் மகள் வெப்பமானி வைத்ததுகூடத் தெரியாமல் கிடந்தது இந்த நிலையில். குழந்தைகளின் ஆழுறக்கம் பெரியவர்களுடையதைவிடப் பன்மடங்கு வலுவானது. அந்நிலையில் அவர்களைத் தூக்கிச் சென்று வேறு கட்டிலில் கிடத்தினாலும் விழிப்பதில்லை. வளர்ச்சி ஹார்மோனின் பெரிய அலை ஒன்று இரத்தத்தில் கலப்பதும் முதல் ஆழுறக்கத்தின்போதுதான்.

உறங்கத் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு ரெம் வருகிறது. அப்போது திரையில் தெரிவதைக் காணப் புதிதாக வரும் மாணவர்களை அருகில் அழைப்பேன். மூளை அலைகள் விழித்திருப்பவருடையவற்றைப் போலச் சிறுத்து விரைகின்றன. கண் கோடுகள் வெட்டி வெட்டிப் பாய்கின்றன. ஆனால் முகவாய்த் தசையின் கோடு மட்டும் பென்சிலால் இழுத்தாற்போல் தட்டையாகிவிடுகிறது. மூளை விழித்திருக்க, உடல் கட்டப்பட்டுக் கிடக்கிறது. பிரான்சில் லியோன் நகரில் ஆய்ந்த மிஷேல் ஷுவே இதை 'முரண் உறக்கம்' என்று அழைத்தார். அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஐயவினா

விளக்கம் நன்று. ஆனால் கார்முகில் கேட்ட நடைமுறைக் கேள்வி அப்படியே நிற்கிறது. முதல் நிலையிலிருந்து ரெம் வரையிலான ஒரு சுழற்சி 90 நிமிடம் என்றால், நள்ளிரவு முதல் நான்கரை வரை சரியாக மூன்று சுழற்சிகள் முடிகின்றன. சுழற்சியின் முடிவில் எழுந்தால் களைப்பு இருக்காது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அப்படியானால் அவர் முறையாகத்தானே உறங்குகிறார்?

அலைவரைவு

இந்தக் கணக்கு பலரைத் தவறான வழியில் கொண்டுபோய் விட்டிருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே மறுக்கிறேன்.

முதலாவதாக, 90 நிமிடம் என்பது சராசரி. ஒருவருடைய ஒரே இரவில்கூட ஒரு சுழற்சி 70 நிமிடத்தில் முடியும், இன்னொன்று 120 நிமிடத்தைத் தொடும். கடிகாரத்தில் மணி வைத்து அதன் விளிம்பைப் பிடிக்க முடியாது. இரண்டாவதாக, சுழற்சிகள் ஒன்றின் நகல் ஒன்று அல்ல. இதுதான் இந்த இழையின் நடுப்புள்ளி என்று கருதுகிறேன். முதல் இரண்டு சுழற்சிகளில் ஆழுறக்கம் நிறைந்திருக்கும். ரெம் சில நிமிடங்களே வந்து போகும். பின்னிரவில் ஆழுறக்கம் ஏறத்தாழ மறைந்துவிடும். இரண்டாம் நிலையும் ரெம்மும் மாறி மாறி வர, விடியலை ஒட்டிய ரெம் அரை மணி நேரத்துக்கும் மேல் நீளக்கூடும். வளர்ந்தவர்களின் உறக்கத்தில் ரெம்மின் பங்கு ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு. அதன் பெரும்பகுதி இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் குவிந்து கிடக்கிறது.

ஆகவே எட்டு மணி நேரம் உறங்க வேண்டிய ஒருவர் நான்கரை மணி நேரத்தில் எழுந்தால், எல்லாவற்றிலும் பாதியை இழப்பதில்லை. ஆழுறக்கத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ரெம்மிலோ பாதிக்கும் மேல் போய்விடும். தொடர்ந்து அப்படிச் செய்யும்போது உடல் ரெம்மை முன்னிரவுக்கு இழுக்க முயலும். ஆனாலும் கணக்கு நேராவதில்லை.

பழகிவிட்டது என்று அவர் உணர்வதும் வியப்பில்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள பெரியவர்களைத் தொடர்ந்து 14 நாட்கள் ஆறு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்கச் செய்து நாள்தோறும் கவனத்தைச் சோதித்தார்கள். இறுதியில் அவர்களுடைய கவனப் பிசகுகள், முழு இரவு விழித்தவர்களின் அளவுக்குப் பெருகியிருந்தன. ஆனால் எவ்வளவு தூக்கக் கலக்கம் என்று கேட்டபோது, கொஞ்சம்தான் என்றே சொன்னார்கள். குறைவை அளக்க வேண்டிய மூளையே குறைபட்டிருக்கும்போது, 'எனக்கு ஒன்றும் இல்லை' என்ற சொல்லை எப்படி நம்புவது?

இரவுமுறை

ஒன்பது ஆண்டுகளாக இரவுப் பணி பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எத்தனை மணி நேரம் என்பதைப் போலவே எந்த நேரம் என்பதும் முக்கியம் என்பதை என் உடலே எனக்குக் கற்றுக்கொடுத்தது. காலை எட்டு மணிக்குக் கண்ணெல்லாம் எரிய வந்து படுப்பேன், படுத்தவுடன் உறங்கிவிடுவேன். ஆனால் நண்பகல் ஆனதும், யாரும் எழுப்பாமலே, அறை இருட்டாகவே இருந்தாலும் விழிப்பு வந்துவிடும். களைப்பு அப்படியே இருக்கும். உறக்கம் மட்டும் வராது.

இதற்கான விளக்கத்தைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1982இல் உறக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்த கருத்து அது. உறக்கத்தை இரண்டு கைகள் இயக்குகின்றன. ஒன்று அழுத்தம்: விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது ஏறிக்கொண்டே போகிறது, உறங்க உறங்க இறங்குகிறது. நரம்பணுக்கள் ஆற்றலைச் செலவிடும்போது சேரும் அடினோசின் என்ற பொருளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. காப்பியில் உள்ள கஃபீன் அடினோசினின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அழுத்தம் குறைவதில்லை, அது குரல் கொடுப்பது மட்டும் கேட்காமல் போகிறது. கஃபீனில் பாதி உடலைவிட்டு அகலவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும் என்பதால், பணியின் கடைசி மணி நேரங்களில் குடிப்பதை நான் விட்டுவிட்டேன்.

இரண்டாவது கை கடிகாரம். பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களைக் கொண்ட சிறு முடிச்சு ஒன்று இருக்கிறது. வெளியே ஒளியே இல்லாவிட்டாலும் அது தன் போக்கில் நாளை எண்ணும். மனிதரில் அதன் நாள் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். விழித்திரையில் உருவங்களைக் காண்பதற்கு அல்லாமல் ஒளியின் அளவை அறிவதற்கென்றே சில அணுக்கள் உள்ளன. நீல ஒளிக்கு அவை மிகவும் கூர்மையாக எதிர்வினை காட்டும். நாள்தோறும் அந்தக் கடிகாரத்தைத் திருத்திவைப்பவை அவையே. இருட்டியதும் இரவை உடலுக்கு அறிவிக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்க விடுவதும், விடியலுக்கு முன் உடல் வெப்பத்தை அன்றைய அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றத் தொடங்குவதும் அந்தக் கடிகாரத்தின் ஏற்பாடுகள்.

என் அழுத்தம் காலை எட்டு மணிக்கு உச்சத்தில் இருந்தது, ஆகவே உறங்கினேன். ஆனால் கடிகாரம் பகல் என்று சொல்லி என்னை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. அழுத்தம் ஓரளவு வடிந்ததும் கடிகாரம் வென்றுவிட்டது. இதை அறிந்த பிறகு, பணி முடிந்து திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிகிறேன், மாலையில் பணிக்குப் போகும் முன் இன்னும் ஒன்றரை மணி நேரம் படுக்கிறேன். முழு நிவாரணம் இல்லை. ஆனால் நாட்கள் தாங்கக்கூடியவை ஆகியிருக்கின்றன.

நெய்தல்

அலைவரைவு அவர்கள் சொன்ன 'கட்டப்பட்ட உடல்' பற்றி ஒரு கேள்வி. கல்லூரிக் காலத்திலிருந்தே ஆண்டுக்கு ஓரிரு முறை எனக்கு இது நேர்கிறது. கண் திறந்துவிடும், அறை தெரியும், மின்விசிறி சுற்றுவது தெரியும், ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. யாரோ நெஞ்சின்மேல் ஏறி அமர்ந்து அமுக்குவதைப் போல மூச்சு திணறும். கத்த முயல்வேன், குரல் எழாது. ஓரிரு நிமிடத்தில் சட்டென்று விடுபட்டுவிடும். எத்தனை முறை வந்தாலும் அந்த அச்சம் பழகவில்லை. இது மூளை நோயின் அறிகுறியா?

அலைவரைவு

தனித்து எப்போதாவது வருவது நோய் அல்ல. எனவே அஞ்ச வேண்டாம். ரெம்மின்போது மூளைத்தண்டிலிருந்து செல்லும் கட்டளை, தண்டுவடத்தில் உள்ள தசை நரம்புகளை அடக்கிவைக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளும், மூச்சை இழுக்கும் உதரவிதானமும் மட்டும் இதற்கு விலக்கு. ஷுவே பூனைகளில் அந்த மூளைத்தண்டுப் பகுதியைச் சிதைத்தபோது, அவை உறக்கத்திலேயே எழுந்து பாய்ந்தன, கண்ணுக்குத் தெரியாத எதையோ தாக்கின. கனவு உடலுக்குள் இறங்காமல் தடுக்கும் கதவு அது. உங்களுக்கு நேர்வது, விழிப்பு முந்திக்கொண்டு, அந்தக் கதவு திறக்கச் சற்றுப் பிந்துவதுதான். மார்புத் தசைகள் இன்னும் அடங்கியே இருப்பதால், ஆழமாக மூச்சிழுக்க முயலும்போது முடிவதில்லை. அதுவே நெஞ்சின்மேல் பாரமாக உணரப்படுகிறது. உறக்கம் குறைந்த நாட்களிலும், நேரம் தவறிப் படுத்த நாட்களிலும், மல்லாந்து படுக்கும்போதும் இது கூடுதலாக வருகிறது. பகலில் அடக்க முடியாத உறக்கமும், சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து விழுவதும் சேர்ந்து இருந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். விழிப்பைத் தாங்கிப்பிடிக்கும் ஓரெக்சின் நரம்பணுக்கள் அழிவதால் வரும் நார்கோலெப்சி என்ற நோயில் அப்படி நிகழும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. நடுவயதைத் தாண்டிய ஒருவர் உறக்கத்தில் கனவுக்கு ஏற்ப உதைக்கவும் குத்தவும் தொடங்கினால் அதைப் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கதவு பழுதாவது, பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்னரே வரும் அடையாளமாக இருக்கக்கூடும். குழந்தைகளின் தூக்க நடை இதில் சேராது. அது ரெம்மில் அல்ல, ஆழுறக்கத்திலிருந்து பாதி மட்டும் விழிப்பதால் வருவது. பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

ஐயவினா

90 நிமிடக் கணக்கைப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றில் எச்சரிக்கை வேண்டும் என்று நினைக்கிறேன். 'உறக்கத்தில் மூளை தன்னைக் கழுவிக்கொள்கிறது' என்பதை இப்போது ஐயத்துக்கு இடமில்லாத உண்மையைப் போல எங்கும் எழுதுகிறார்கள். 2013இல் எலிகளில் செய்த ஆய்வு, உறக்கத்தில் மூளை அணுக்களுக்கு இடையிலான வெளி ஏறத்தாழ 60 விழுக்காடு விரிகிறது, கழிவுகள் விரைவாக வெளியேறுகின்றன என்று காட்டியது. ஆனால் 2024இல் வேறொரு குழு, அதுவும் எலிகளில்தான், உறக்கத்தின்போது வெளியேற்றம் குறைகிறது என்று கண்டது. வழக்கு இன்னும் முடியவில்லை. அழகான கருத்து என்பதாலேயே ஒன்றை முடிந்த உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நினைவாற்றலைப் பற்றிச் சொல்வது மேலும் உறுதியான நிலம். எலி ஒரு பாதையில் ஓடும்போது, நினைவைப் பதிக்கும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸில் சேர்ந்து இயங்கிய அணுக்கள், பிறகு அது உறங்கும்போது மீண்டும் சேர்ந்து இயங்குவதை 1994இல் வில்சனும் மெக்நாட்டனும் பதிவு செய்தார்கள். மனிதரிலும், படித்த பிறகு உறங்கியவர்கள், அதே நேரம் விழித்திருந்தவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பதை 1924 முதலே சோதனைகள் காட்டி வருகின்றன.

கார்முகில்

அனைவருக்கும் நன்றி. வேலைக்காகவும் படிப்புக்காகவும் விழித்த எனக்கு, கடைசிப் பதிவின் கடைசி வரிதான் மிகவும் உறைத்தது. படித்ததைப் பதியவைக்கும் நேரத்தையே வெட்டிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பத்து நாட்களாகப் பத்தரை மணிக்குப் படுக்கிறேன். முதல் மூன்று இரவுகளில் எண்ணற்ற கனவுகள் வந்தன, அதுவும் மிகவும் துல்லியமாக. இது இயல்பா? இழந்த உறக்கமெல்லாம் இப்படித் திரும்பி வருமா?

இன்னொரு சிறு விவரமும் சொல்ல மறந்துவிட்டேன். அன்று நான்கரை மணிக்கு மகளை எழுப்பியவுடன் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இறங்கியிருந்தது.

அலைவரைவு

இயல்புதான். தடுக்கப்பட்ட ரெம், வழி கிடைத்ததும் கூடுதலாகப் பாய்கிறது. ஆனால் இழந்த மணி நேரங்கள் எண்ணிக்கை மாறாமல் திரும்புவதில்லை. 1964இல் அமெரிக்காவில் 17 வயது மாணவர் ஒருவர் 264 மணி நேரம் விழித்திருந்து முடித்தபோது, முதல் இரவில் ஏறத்தாழ 14 மணி நேரமே உறங்கினார். உடல் மணிகளை அல்ல, ஆழத்தை ஈடுசெய்யப் பார்க்கிறது: ஆழுறக்கத்தில் பெரும்பகுதியும், ரெம்மில் ஒரு பகுதியும் திரும்பும், மீதி போனது போனதுதான்.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் சேர்த்த விவரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நோய்த்தொற்றின்போது உடல் வெளிவிடும் சில பொருள்கள் ரெம் அல்லாத உறக்கத்தைக் கூட்டி, ரெம்மைக் குறைப்பதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். அதற்குப் பொருத்தமான காரணமும் உண்டு. ரெம்மின்போது உடல் தன் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. நடுங்க முடியாது, நடுங்காமல் காய்ச்சலை ஏற்ற முடியாது. முன்னிரவில் அவள் அசையாமல் கிடந்ததும், காய்ச்சல் இறங்கிய வேளையில் கண்கள் ஓடத் தொடங்கியதும் அதனால்தானா, அல்லது விடியல் என்பதால் எப்படியும் வந்திருக்குமா என்பதை ஒரே இரவை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த முறை அவள் நலமாக உறங்கும் இரவொன்றில், அதே நேரத்தில், எழுப்பாமல் பாருங்கள்.